மழை நாளில் அடிப்பதில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அட்டை கடித்து இரத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்கள் காலில் வழிவதைத் துடைக்காமலேயே தேநீர் குடிப்பார்கள். கடித்த இடம் கொஞ்ச நேரம் கசியும், பிறகு தானாக நின்றுவிடும். அதனால்தான் என் மகளுக்கு என்ன இருக்கிறது என்பது ஆறு வருடம் எங்களுக்குத் தெரியாமல் போனது.

அவள் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே காலில் இரத்தம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்குச் சாயந்தரத்துக்குள் நின்றுவிடும். இவளுக்கு மறுநாள் காலையிலும் போர்வை ஈரமாக இருக்கும். என் மனைவி கடிவாயில் சுண்ணாம்பை வைத்து அழுத்திக்கொண்டு, "லயத்துல இத்தன புள்ளைங்க இருக்கு, இவ காலத்தான் தேடி வருதுங்க" என்று அட்டையைத் திட்டுவாள். மூக்கில் இரத்தம் வந்தால் சூடு என்றோம். இளநீர் வாங்கிக் கொடுத்தோம். உடம்பில் அங்கங்கே கன்றிப்போய், நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி மறையும். ஓடுகிற பிள்ளை, விழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டோம்.

வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் இருந்த ஆயாதான் முதலில் சொன்னது. சொன்னதும் கேலியாகத்தான் சொன்னது.

"ஏம்மா, ஒம் புள்ளைக்குத் தோலா, வாழ எலையா? தூக்குனாலே கறுத்துப் போகுது. நாளைக்கு நாந்தான் கிள்ளுனேன்னு சொல்லிப்புடாத."

"நீங்க கிள்ளுனா தெரியாதாக்கா? நகத்து அச்சு இருக்குமே" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எனக்குள் வேறொரு பயம் இருந்தது. நான் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவில் முளைக்கிற புல்லுக்கு மருந்தடிப்பது என் வேலை. வேலை முடிந்ததும் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்க் குளித்து, உடுப்பை அங்கேயே அலசிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். ஆனாலும் மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்ளும்போது என் உடம்பு விறைத்துப்போகும். என் தோலில் ஒட்டியிருக்கிற ஏதோ ஒன்றுதான் அவள் தோலைக் கறுக்க வைக்கிறது என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே எனக்குப் பேச்சு வராது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் "ஐயா" என்று சொல்வதுதான் ஒரு நாளில் நான் பேசுகிற உரத்த பேச்சு.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினோம். அங்கிருந்து எழுதிக் கொடுத்து, டவுனில் இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் இரத்தக் குறைவு மட்டும் என்று சிரப் கொடுத்தார்கள். சரியாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் வரும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வழி முழுக்க அவள் கையில் புதிதாக வந்திருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி அது ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவுக்கு இருந்தது. இறங்கும்போது இன்னும் பெரிதாகியிருந்தது.

ஆறு வயது முடிந்து சில வாரங்களில் அவளுக்குக் கீழ்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அவளுக்கு ஒரே பெருமை. வகுப்பில் முதலில் பல் விழப்போவது தனக்குத்தான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரு சனிக்கிழமை காலை கடலை தின்றுகொண்டிருக்கும்போது பல் கழன்று வந்தது. அதைக் கழுவிக் கூரைத் தகரத்தின் மேல் எறிந்துவிட்டு வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் சிவப்பாக வந்தது. மறுபடியும் கொப்பளித்தாள். மறுபடியும் சிவப்பு.

மத்தியானம் வரை பஞ்சு வைத்து அழுத்தினோம். பிள்ளை திமிறினாள். மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நான் விரலை வாய்க்குள் விட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கிய இரத்தம் எல்லாம் கோப்பித் தூளைக் கரைத்தது போலக் கறுப்பாக வாந்தியாக வந்தபோது மனைவி என்னைப் பார்த்து, "இன்னும் என்னத்த பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஆட்டோவக் கூப்புடுங்க" என்று கத்தினாள்.

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அம்பியூலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதிகிற இடத்தில் என் தொழிலைக் கேட்டபோது தோட்டத் தொழிலாளி என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். வார்ட்டில் பிள்ளையின் ஈறில் மருந்துப் பஞ்சை வைத்துக் கட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். சாயந்தரம் ஒரு டொக்டரம்மா வந்தார். இளவயது. சிங்களத்தில்தான் பேசினார். கையில் இரத்தச் சோதனைக் கடதாசி இருந்தது. அதைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கை இரண்டிலும் மேல்பக்கம் நான்கு நான்கு விரல்கள் பதிந்த நீல அடையாளம் இருந்தது. பஞ்சை வைக்கும்போது மனைவி பிடித்த பிடி. காலையில் பிடித்தது, சாயந்தரத்துக்குள் அப்படிக் கறுத்துவிட்டது.

டொக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"தாத்தா கஹனவாத?"

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அது எனக்குத் தெரியும். கஹனவா என்றால் அடிக்கிறது. அதுவும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போனது. நாங்கள் மருந்து அடிக்கிறோம் என்று சொல்வதைப் போலத்தான் சிங்களத்திலும் பெஹெத் கஹனவா என்பார்கள். தோட்டத்துக்கு மருந்து கொண்டுவருகிற லொறிக்காரர் என்னைக் கண்டால் முதலில் கேட்பதே, "கஹனவாத அத?" என்றுதான். இன்றைக்கு அடிக்கிறீங்களா என்று அர்த்தம். ஆறு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை இந்த அம்மா கண்டுபிடித்துக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். இனி மறைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்குச் சரியான மருந்து கிடைக்கும்.

"ஒவ் நோனா," என்றேன். "ஹெமதாம கஹனவா."

ஆமாம் அம்மா, தினமும் அடிக்கிறேன்.

அவருடைய பேனா நின்றது. அதன் பிறகு அவர் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"எவ்வளவு காலமாக?"

"பிள்ளை பிறப்பதற்கு முன்னாலிருந்தே."

அவர் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"தினமுமா?"

"மழை நாளில் அடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை."

"குடித்துவிட்டா?"

"இல்லை நோனா. வெறும் வயிற்றில் அடிக்கக் கூடாது. காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான்."

"ஏன் அடிக்கிறாய்?"

"அதுதானே என் வேலை."

ஒரு டொக்டருக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதே இல்லை. சொல்லி முடித்ததும் மனதிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. டொக்டரம்மா கடதாசியில் எழுதிக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் ஒரு அட்டெண்டன் வந்து, தாய் மட்டும் பிள்ளையுடன் இருக்கலாம், நீங்கள் வெளியே வாருங்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த பொலிஸ் அறையின் நீள மர வாங்கில் உட்கார வைத்தார்.

அங்கே ஏன் உட்கார வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிற பழக்கம். பிள்ளையை மறுபடி எப்போது பார்க்கலாம் என்று மட்டும் கேட்க நினைத்து, கேட்காமல் இருந்தேன். எழுந்து வாசல் வரை போவேன். பொலிஸ்காரர் பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவேன். இரத்தம் நின்றதா இல்லையா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அதே அட்டெண்டன் தேநீர் கொண்டுவந்தார். அவரும் மலையகத்து ஆள்தான், ராகலைப் பக்கம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பச்சப் புள்ளைய எப்பிடிண்ணே தெனமும் அடிக்க மனசு வருது?"

"யாரு அடிச்சா?"

"நீங்கதான். நீங்களே சொன்னீங்களாமே. பொஞ்சாதியையும் அடிப்பேன், புள்ளையையும் அடிப்பேன், மழ பேஞ்சா மட்டும் அடிக்க மாட்டேன்னு. வார்ட்டு பூரா அதே பேச்சு."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த தேநீர் காலில் கொட்டியது.

"மருந்துங்க," என்றேன். "நான் மருந்தடிக்கிறவன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"போயி சொல்லுங்கண்ணே, ஒடனே."

"நீங்க சொல்லுங்களேன். எனக்கு வராது."

"நான் சொன்னா நம்ம ஆளுன்னு பரிஞ்சு பேசுறான்னு நெனப்பாங்க. நேத்து ஒரு வாய்ல அடிக்கிறேன்னு சொல்லிட்டு இன்னைக்கி இல்லன்னா, எழுதுனவங்க கேப்பாங்களா? இரத்தத்துல நோயே இல்லையாம்ணே. இரத்தம் நல்லாருந்தா, அப்புறம் ஒடம்பு பூரா நீலம் எப்பிடி வரும்னு கேக்குறாங்க."

அதுதான் என்னை உட்கார விடவில்லை. என்னைப் பிடித்து வைப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இருக்கவில்லை. அடித்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், இனி வேறு காரணம் தேட மாட்டார்களே. பல் போன குழியில் இரத்தம் வந்துகொண்டிருக்கும், அதைப் பார்க்கிற கண்ணெல்லாம் என்னைப் பார்க்கும். சொல்ல வேண்டிய சிங்களத்தை மனதுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அதில் அந்தச் சொல் வந்து நின்றது. கஹனவா இல்லாமல் என் வேலையைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை.

என்னைக் காப்பாற்றியது என் மனைவியின் வாய். வார்ட்டில் நடந்ததை அவள் பிறகு பலமுறை சொன்னாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். அன்று காலை நர்ஸ் பிள்ளையின் கையில் பிரஷர் பார்க்கிற பட்டியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டுக் கழற்றியிருக்கிறார். கழற்றிய இடத்துக்குக் கீழே ஊசி முனையால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக எழும்பின. கண் முன்னாலேயே வந்தன. மனைவி அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வார்ட்டுக்குள் வந்த டொக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. தமிழில்தான் போட்டாள்.

"இந்தா பாருங்கம்மா. இத யாரு அடிச்சா? எம் புருசன வெளிய கொண்டு போயி வச்சிருக்கீங்க. இது இப்ப வந்துச்சு, இந்தப் பட்டிய கட்டுனதுக்கு வந்துச்சு. அப்ப இந்தப் பட்டியையும் புடிச்சுக் கொண்டுபோயி பொலிஸ்ல வைங்க!"

நர்ஸுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். பட்டியைப் பொலிஸில் வைக்கச் சொன்னதை மொழிபெயர்க்கும்போது அவர் சிரித்துவிட்டாராம். டொக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தார். நர்ஸை மொழிபெயர்க்கச் சொல்லி மனைவியிடம் கேள்விகள் கேட்டார். மூக்கில் இரத்தம் வருமா, தொப்புள் கொடி விழுந்தபோது எத்தனை நாள் கசிந்தது, ஊசி போட்டால் வீங்குமா. அட்டை கடித்தால் எவ்வளவு நேரம் நிற்காது என்று மனைவி கேட்காமலேயே சொன்னாள். பெரிய டொக்டர் வந்தார். அவரும் அந்தக் கடதாசியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் என் வேலை என்ன என்று நர்ஸ் தமிழில் கேட்டு, மனைவி சொல்லி, அந்தச் சொல்லின் குழப்பம் வெளியே வந்தது.

மத்தியானம் டொக்டரம்மாவே பொலிஸ் அறை வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்து தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பேரும் சங்கடப்பட்டு நின்றோம். கடைசியில் அவர், "தாத்தா, என்ன," என்று வார்ட்டுப் பக்கம் கை காட்டினார். அந்த 'என்ன' சிங்களத்தில் 'வாருங்கள்'. நான் ஓடினேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி ஒரு பதிலைக் கேட்டால் நானும் என் பிள்ளையை என்னிடம் தர மாட்டேன்.

பிள்ளையின் இரத்தத்தை எடுத்து அனுப்பினால் போதாது, எடுத்த சூட்டோடு சோதிக்க வேண்டும், அதற்கான கருவி கொழும்பில்தான் இருக்கிறது என்றார்கள். அவளுக்கு ஒரு பை இரத்தம் ஏற்றி, ஈறு கசிவது நின்ற பிறகு, ஆஸ்பத்திரி வான் வண்டியிலேயே கொழும்புக்குப் போனோம். அங்கே தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இரத்தத்தில் சிறுதட்டுகள் என்று கோடிக்கணக்கில் இருக்கும். எங்காவது வெட்டுப்பட்டால் அவை ஓடிவந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கும். என் மகளுடைய இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கையில் குறைவே இல்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதற்கான கொக்கிதான் அவற்றில் இல்லை. அதனால்தான் எண்ணிப் பார்க்கிறபோதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. மிக அபூர்வமான நோய். பிறவியிலேயே வந்தது.

மனைவி உடனே, "நம்ம தோட்டத்து சங்கங்க மாதிரியா டொக்டர்? ஆளுக்கு ஆளு இருக்காங்க, ஒண்ணு சேர மாட்டாங்க" என்றாள்.

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான்மா. இனி நானும் அப்பிடித்தான் சொல்லப்போறேன்."

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து கேட்டேன். "நான் மருந்தடிக்கிறதாலயா, ஐயா?" அந்த அறையில் நான் கேட்ட ஒரே கேள்வி அது. இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ஆறு வருடத்து மூச்சை அப்போதுதான் விட்டேன். விட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

மனைவி என் தாய்மாமன் மகள். எங்களில் அது உரிமை. வேறு இடத்தில் கட்டியிருந்தால்தான் கேள்வி கேட்பார்கள். தாயிடமிருந்து ஒரு பாதி, தகப்பனிடமிருந்து ஒரு பாதி சேர்ந்தால்தான் இந்த நோய் வரும், சொந்தத்தில் கட்டும்போது அப்படிச் சேருவது கூடுதலாக நடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். யாருடைய தப்பும் இல்லை என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி ஹட்டன் வரும்வரை மகளின் கையில் இருந்த நீலத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் மாறி ஏறியதும், "நீங்க பாதி, நான் பாதி. போங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்தால் குணமாகிற நோய் இல்லை. பார்த்துக்கொள்ளத்தான் முடியும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை இவை: தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பெரசிட்டமோல் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, அஸ்பிரின் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. சதையில் ஊசி போட விடக் கூடாது. பல் துலக்க மிருதுவான பிரஷ். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. பெரிய பிள்ளையாகிற நாளில் மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று மனைவியிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இரத்தம் கசிந்தால் கொடுக்க ஒரு மாத்திரை தந்தார்கள். பல் விழுந்தால் அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் வேறொருவருடைய சிறுதட்டுகளை ஏற்றுவார்கள். ஆனால் அடிக்கடி ஏற்றினால் உடம்பு அவற்றை எதிரியாக நினைக்கப் பழகிவிடும், பிறகு உயிருக்கு ஆபத்தான நாளில் ஏற்றினாலும் பலன் இருக்காது. அதனால் ஏற்றாமல் சமாளிக்க முடிந்த வரை சமாளிக்க வேண்டும்.

இந்த ஒன்றுதான் என்னை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. பிள்ளையின் வாயில் இன்னும் பத்தொன்பது பால் பற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விழுந்தே தீரும்.

தோட்டத்தில் கதை எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பெரட்டுக்களத்தில் ஒருவன் வானத்தைப் பார்த்து, "என்ன மாமா, மப்பா இருக்கே, இன்னைக்கி அக்காவுக்கு லீவா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் பற்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாங்கியின் கைப்பிடியை அமுக்க அமுக்க, மேல் வரிசை, கீழ் வரிசை, எது ஆடுகிறது, எது ஆடப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முதல் வேலையாக, "எங்க, ஆ காட்டு" என்பேன். காட்டுவாள். டோர்ச் அடித்துப் பார்ப்பேன். சாப்பிடும்போது பார்ப்பேன். தூங்கும்போது உதட்டை விரலால் மெல்ல நீக்கிப் பார்ப்பேன். இரண்டாவது பல்லுக்கு ஒரு நாள் முழுக்க இரத்தம் கசிந்து, மாத்திரையிலேயே நின்றது. மூன்றாவது பல்லுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். அதற்குப் பிறகு நான் கடலை, முறுக்கு, கரும்பு எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தினேன். அவள் சிரித்தால் சிரிப்பைப் பார்க்காமல் பல்லைப் பார்த்தேன்.

ஒரு நாள் "ஆ காட்டு" என்றபோது அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மனைவியின் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா பாக்க வேணாம். அம்மா மட்டும் பாக்கட்டும்."

"ஏன் சாமி?"

மனைவிதான் சொன்னாள். "நீங்க டோர்ச்ச எடுத்தாலே ஒங்க மொகத்தப் பாக்க முடியல. சாவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி இருக்கீங்க. அவளுக்குப் பல்லு ஆடுனா பயமில்ல, நீங்க பாக்குறதுதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அவள் என் முன்னால் வாயை அதிகம் திறப்பதில்லை. சிரிப்பு வந்தால் கையால் மூடிக்கொள்வாள். நான் கேட்பதற்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்வாள். என் கூச்சம் அவளுக்கும் வந்துவிட்டதென்று லயத்தில் சொன்னார்கள். அது கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்ப்பதைக் குறைத்தேன். பார்க்காமல் இருந்தால் இன்னும் மோசமாக இருந்தது.

என் கண்ணுக்கு எட்டாத நேரத்தில்தான் அடுத்தது விழும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்தால்? டீச்சரிடம் சொல்ல வேண்டும். மூன்று நாள் பள்ளிக்கூடத்து கேட் வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பேனா பிடித்து வருடக்கணக்காகிறது. பல் விழுந்தால் என்ன செய்வது, மாத்திரையை எப்படிப் பொடிப்பது, பஞ்சை எவ்வளவு நேரம் கடிக்கச் சொல்வது, எந்த நம்பருக்குப் போன் எடுப்பது என்று எழுதினேன். கடைசியில், "உடம்பில் நீலம் இருந்தால் யாரும் அடித்தது என்று நினைக்க வேண்டாம்" என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, மறுபடியும் எழுதினேன். மாத்திரையையும் பஞ்சையும் ஒரு டப்பாவில் போட்டு அந்தத் தாளோடு டீச்சர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மேல் வரிசை முன்பல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். டீச்சர் போன் எடுத்தபோது நான் மலையுச்சியில் டாங்கியோடு நின்றேன். வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையிடம் கேட்காமலேயே டாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். வழியில் பீலியில் கையையும் முகத்தையும் கழுவினேன். பள்ளிக்கூடத்துக்குள் அப்படி ஓடிப் போனது அதுதான் முதல் முறை.

வகுப்பறைக்குப் பக்கத்து அறையில் ஒரு சின்னக் கதிரையில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையில் இரண்டு துளிதான் இருந்தது. டீச்சர் என் தாளை மேசையில் விரித்து வைத்து, அதில் உள்ளபடியே ஒவ்வொன்றாகச் செய்திருந்தார்.

"பயப்படாதீங்க அப்பா. நீங்க எழுதுன மாதிரியே செஞ்சிருக்கேன். புள்ள அழவே இல்ல. நாந்தான் அழப் பாத்தேன்."

கொழும்பு டொக்டருக்குப் போன் எடுத்தோம். ஒரு மணித்தியாலம் பாருங்கள், பஞ்சு நனைந்துகொண்டே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பேச விடாதீர்கள் என்றார். நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுவரில் மணிக்கூடு இருந்தது. அதைப் பார்த்தேன், பஞ்சைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்ப்பதைக் கண்டதும் ஜன்னலைப் பார்த்தேன். முதல் பஞ்சு சிவப்பு. அரை மணித்தியாலத்தில் மாற்றிய பஞ்சும் சிவப்புத்தான், ஓரம் வெள்ளையாக இருந்தது. ஆட்டோவை வரச் சொல்லலாமா என்று எழுந்தேன். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றபோது டீச்சர் மூன்றாவது பஞ்சை எடுத்துப் பார்த்தார். இளஞ்சிவப்பு. நாலாவது பஞ்சில் எச்சில் மட்டும் இருந்தது.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வகுப்புக்குப் போனார். இன்றைக்கு முழுக்கப் பேசக் கூடாது என்று நான் மகளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் கிடந்த என் தாளை இழுத்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். எழுதும்போது அந்தப் பக்கம் பார்க்க விடாமல் கையால் மறைத்துக்கொண்டாள். முடித்ததும் என் பக்கம் தள்ளினாள்.

பெரிய பெரிய எழுத்து. பக்கத்துப் பல்லும் ஆடுது. நாலு நாளா ஆடுது. ஒங்ககிட்ட சொல்லிட்டேன். மொகத்த அப்பிடி வைக்கக் கூடாது.

நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். போதவில்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி முயன்றேன். பஞ்சைக் கடித்தபடியே, கையால் மூடாமல் சிரித்தாள்.